ஊதாவாக மறுத்த தட்டு

ஆராய்ச்சி மாணவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது அவர்கள் கையில் போனைக் கொடுக்கக் கூடாது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வாயால் அல்ல, வேதிப்பொருள்களால். போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வழவழப்பாக ஒரு படலம் கட்டும் (காலையில் பல்லை நாக்கால் தடவினால் தெரியுமே, அதுதான்). துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைப் போட்டு இந்தப் பேச்சைக் கெடுப்பதுதான் என் பிஎச்.டி. நான் வளர்த்த வகை, பேசிக்கொண்டால் ஊதாவாகும். பேச்சு நின்றால் வெள்ளையாகவே இருக்கும்.

ஒரு நாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். துகள் போட்ட தட்டில் பாக்டீரியா அமோகமாக வளர்ந்திருந்தது. ஊதா துளிகூட இல்லை. சாகவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திவிட்டன! இனி உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக் குழாயிலும் கிருமி ஒட்டாது என்று அங்கேயே முடிவு செய்து, அதே ஊரில் மர்பி டவுன் வீட்டில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, வாய மூடிடுச்சுப்பா."

"யாரும்மா, உங்க மேடமா?"

"பாக்டீரியாப்பா. ஒண்ணுகூட பேசல."

அப்பா நல்ல செய்தியை வைத்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாதவர். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மைசூர்பாக் டப்பாவோடு ஆட்டோ பிடித்து ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். என் வழிகாட்டியான மேடம் அப்போதுதான் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வீட் தகொள்ளி மேடம்" என்று கன்னடத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி அப்பா டப்பாவை நீட்டினார்.

மேடம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கண்ட்ரோல் எங்கம்மா?"

கண்ட்ரோல் என்றால் துகளே போடாத தட்டு. அது ஊதாவாக இருந்தால்தான் என் தட்டின் வெள்ளைக்கு மரியாதை. அதை நான் பார்க்கவே இல்லை (எங்கே நேரம், போனில் அல்லவா இருந்தேன்). எடுத்துப் பார்த்தேன். அதுவும் வெள்ளை.

பக்கத்து மேஜைத் தோழியின் பாக்டீரியாக் குழாயை மாற்றி எடுத்து வளர்த்திருக்கிறேன். அது வேறு பாக்டீரியா. பிறவியிலேயே வெள்ளை.

மேடம் நிதானமாக மென்று முடித்தார். "அது பேச்ச நிறுத்தலம்மா. அதுக்கு அந்த பாஷையே கொத்தில்ல." (கொத்தில்ல என்றால் கன்னடத்தில் தெரியாது.)

அப்பா என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "பரவால்ல, சூடா இருக்கு, எல்லாரும் எடுத்துக்கங்க" என்றார். தோழி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள் (வளர்ந்தது அவளுடைய பாக்டீரியாதானே).

அப்புறம் சரியான குழாயை எடுத்து மறுபடி செய்தேன். கண்ட்ரோல் கத்தரிக்காய் மாதிரி ஊதா. துகள் போட்ட தட்டு நன்றாகவே வெளிறியிருந்தது. குதித்தேன். ஆனால் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் குதித்தேன்.

அப்பா மட்டும் அந்த ஒரு வார்த்தையை விடவில்லை. எந்தக் கடையில் தள்ளுபடி என்று அம்மா சொன்னாலும் அதையே கேட்பார். போன மாதம், நான் ஒருவரைக் காதலிப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ரொம்ப நல்லவர்ப்பா. கோபமே வராது."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கண்ட்ரோல் பாத்தியாம்மா?"