புற்றடியில் விழுந்து கிடக்கும் மாப்பிள்ளை

பெரும் மதிப்பிற்குரிய கீழப்பழுவூர் நல்லதம்பி அவர்களுக்கு, பெரம்பலூர் சின்ன வெங்காய வியாபாரி இளையபெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி இருசம்மாளும் மகள் தென்றலும் சுகம். வெங்காயம் மட்டும் சுகமில்லை. அங்கு உங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்பதால் எழுத்தில் கேட்கிறேன். என் பெண்ணுக்குப் பேசி முடித்த உங்கள் மகன் ரஞ்சித்குமாருக்கு நாக தோஷம் இருப்பதை எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். பூ வைத்துவிட்டுப் போன மறுவாரமே மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு எங்கள் குடோனுக்கு வந்தார். பொருள் வயலிலிருந்து கடைக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கே வீணாகிறது என்று பார்ப்பதுதான் அவர் படித்த படிப்பாம், சென்னையில் அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். நான் வெங்காயம் குவித்து வைத்திருக்கும் பட்டறையை முகர்ந்து பார்த்தார். "பாதி அழுகுது மாமா. காட்டுல எதுவும் இப்படி வீணாப் போறதில்ல. நாம அதுகிட்ட கத்துக்கணும்" என்றார். பெரிய படிப்பு, ஏதோ சொல்கிறார் என்று டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு நேரே குடோனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கும் புற்றுக்குப் போனவர், அதன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் கண்ணால் பார்த்தேன். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

கேட்டால், "உள்ள சூடு அளக்கறேன் மாமா. கரண்ட் இல்லாம கரையான் எப்படிக் காத்தை ஓட்டுதுன்னு பாத்து, அதே மாதிரி பட்டறைக்கு அடியிலயும் மேலயும் வழி வெச்சா வெங்காயம் மாசக்கணக்குல தாங்கும். ஏசி குடோனே வேணாம்" என்கிறார். மறுநாளும் விழுந்தார். அதற்கடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, அன்றும் விழுந்தார். சூடு அளக்கிறவருக்குச் செவ்வாய்க்கிழமை எதற்கு? பக்கத்துத் தெரு முத்தாயி பார்த்துவிட்டு, "பாவம், பெரிய தோஷம் போல. சட்டை அழுக்காறதக்கூடப் பாக்காம கும்புடுது புள்ள" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை புற்றைச் சுற்றி மஞ்சள், குங்குமம், முட்டை, பால். இவர் ஓடி வந்து, "மாமா, பால் ஊத்த வேணாம்னு சொல்லுங்க, கரையான் செத்துடும்" என்று பதறுகிறார். தோஷம் இல்லாதவருக்குக் கரையான் மேல் இவ்வளவு அக்கறை ஏன் வருகிறது?

இதற்கிடையில், ரெட்டிபாளையத்திலிருந்து சிமென்ட் ஏற்றி வரும் லாரி இங்கே இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவது இயற்கைக்கு விரோதம் என்று சொல்லி, அதில் என் வெங்காயத்தை ஏற்றி அரியலூருக்கு அனுப்பினார். அங்கே சரக்கு வாங்கிய கடைக்காரர் போன் செய்து, "என்னங்க, வெங்காயத்துக்குத் திருநீறு பூசி அனுப்பிருக்கீங்க" என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உடனே நீங்கள் கொடுத்த ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் தடவிக் கொடுப்பது சம்பிரதாயம்தான். ஆனால் மூலையில் தடவ வேண்டிய மஞ்சள், ராகு இருக்கும் கட்டத்தின் மேல் எப்படி வந்தது? தென்றலிடம் காட்டினேன். "அவரு மண்ணுல விழுந்து கிடக்கறதப் பாத்துதாம்பா எனக்குப் புடிச்சுது. நீங்க எதையாவது எழுதிக் கெடுத்துடாதீங்க" என்றாள். எனக்கு இருப்பது ஒரே பெண். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. உண்மையை எழுதுங்கள். இல்லையென்றால் வைகாசியில் வைத்திருக்கும் நிச்சயத்தை நிறுத்திவிடலாம்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் குலதெய்வம் உங்கள் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கட்டும்.

இப்படிக்கு,
இளையபெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது குடோனில் ஒரே சத்தம், போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். புற்றுக்கு வந்த பெண்கள் திரும்பும்போது ஆளுக்கு ரெண்டு கிலோ, மூணு கிலோ என்று வாங்கிப் பட்டறையே பாதி காலி. லாரி இல்லை, கமிஷன் இல்லை, அழுகலும் இல்லை. "நான் யோசிச்ச வழிகூட இதைவிட நீளம் மாமா" என்று மாப்பிள்ளையே வாயைப் பிளக்கிறார். இதுவும் அவர் போட்ட திட்டமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருக்கட்டும். சம்பந்தி, வைகாசிவரை தள்ள வேண்டாம், வருகிற முகூர்த்தத்திலேயே நிச்சயத்தை முடித்துவிடுவோம். ஒரே ஒரு வேண்டுகோள். அவருக்குத் தோஷம் இல்லை என்று மட்டும் நீங்கள் இந்த ஊரில் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது.