சேலாவுக்குக் கொயினா மருந்து

பிரசங்கத்தைப் பாதியில் மறந்துபோனவர்கள் உண்டு. பிரசங்கம் கேட்டுத் தூங்கிப்போனவர்களோ ஏராளம். பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்பட்டவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். அதுவும் உடம்புக்கு ஒரு கேடும் இல்லாத நிலையில்.

அப்போது நான் தெப்ராவ் ஆற்றோரம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் கணக்கெழுதுகிறவன். துரைக்கு அடுத்து பெரிய கிராணி, அவருக்கு அடுத்து நான், எனக்கு அடுத்து மைக்கூடு. ஆனாலும் ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்தவன் என்கிற கனம் தலைக்குள் இருந்தது. உலகத்தில் எல்லாரும் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்றை நான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியது பாக்கி என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். தேடிக்கொண்டிருந்தவன் கையில் அகப்பட்டது ‘சேலா’.

பைபிளில் சங்கீதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கங்கே ஒரு வாக்கியம் முடிந்ததும் ‘சேலா’ என்று ஒரு சொல் தனியாக நிற்கும். முன்னால் உள்ளதோடும் ஒட்டாது, பின்னால் உள்ளதோடும் ஒட்டாது. பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கும் கலியாண விருந்தாளி மாதிரி. எங்கள் சபையில் சிலர் அதைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். கங்காணி மாசிலாமணி மட்டும் மரியாதையாக உச்சரித்து, தலையை ஒருமுறை அசைப்பார்.

“அதுக்கு என்ன அர்த்தம் கங்காணியாரே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது ஆண்டவருக்குத் தெரியுங்க ஐயா. அவரு வீட்டுச் சாமான். நமக்கு என்னாத்துக்கு?”

எனக்கு அது போதவில்லை. சிங்கப்பூரில் பழைய புத்தகக் கடையில் தலையணை அளவு ஒரு விளக்கவுரை வாங்கிவந்தேன். அதை எழுதிய வெள்ளைக்காரப் பண்டிதர் சேலாவைப்பற்றிப் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருந்தார். வாத்தியக்காரர்களுக்குக் காட்டிய சைகையாக இருக்கலாம். குரலை உயர்த்தச் சொன்னதாக இருக்கலாம். பாட்டை நிறுத்திச் சற்று மௌனமாயிருக்கச் சொன்னதாகவும் இருக்கலாம். திட்டமாகச் சொல்வதற்கில்லை என்று முடித்திருந்தார். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருப்பார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

‘மனிதன் பேச்சை நிறுத்துகிற இடத்தில் தேவன் பேசத் தொடங்குகிறார். அந்த வாசலுக்குப் பெயர் சேலா’ என்று எழுதினேன். (எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அது அவ்வளவு மோசமில்லை என்றே நினைக்கிறேன்.)

இதையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஞானமுத்துவின் மகள் எஸ்தரை என் வீட்டார் எனக்குக் கேட்டிருந்தார்கள். டிரெசர் என்றால் சும்மா இல்லை. டாக்டர் எப்போதோ வந்துபோகிறவர். காயம் கட்டுவதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் எல்லாம் டிரெசர்தான். தோட்டத்தில் பாதிப்பேர் உயிரோடு நடமாடுவது அவர் கைங்கரியம். மீதிப்பேரை அடக்கம் பண்ணும்போது ஜெபம் செய்கிறவரும் அவரே. என்னை மேலும் கீழும் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லாததுதான் குறை.

“கணக்கு எழுதறவன் எந்தத் தோட்டத்துலயும் கெடைப்பான் தம்பி. என் மகளுக்கு, சபைக்கு முன்னால நின்னு தேவ வார்த்தை பேசத் தெரிஞ்ச ஆள் வேணும். வர்ற மாசம் போதகர் ஐயா வர்றாங்க. அன்னிக்கு நீங்க பேசுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்.”

“பேசாவிட்டால்?”

“ஸ்கூடாய்த் தோட்டத்து வாத்தியார் வீட்டுலயும் கேட்டிருக்காங்க” என்றார்.

அந்த வாத்தியாரை நான் பார்த்திருக்கிறேன். கணீரென்ற குரல். அதற்கு மேல் ஒரு மீசை. இரண்டும் எனக்குக் கிடையாது. என்னிடம் இருந்தது சேலா ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்போது இப்போதுபோல் சிங்கப்பூருக்குப் பாலம் கிடையாது. போதகர் படகில் கடந்து, மாட்டுவண்டியில் குலுங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினார். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் எங்கள் கோயில். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம் பாயில் உட்கார்ந்தார்கள். போதகருக்கு ஒரு நாற்காலி. டிரெசருக்கு முன்வரிசையில் ஒரு நீள பெஞ்சி. பெண்கள் பக்கம் ஏறிட்டுப் பார்க்க அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் தைரியம் கிடையாது. நான் பெரிய கிராணியிடம் இரவல் வாங்கிய கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஊட்டிக்குத் தைத்த கோட்டு அது; ஜொகூர் வெயிலை அது அறியாது.

என் திட்டம் இதுதான். சேலா என்றால் மௌனம் என்று சொல்லிக் காட்டுவதைவிட, மௌனமாக நின்று காட்டுவது மேல். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘சேலா’ என்று சொல்லி, கண்ணை மூடி, தலை கவிழ்ந்து நிற்பேன். சபையும் என்னோடு மௌனத்தில் ஆழும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும். ஆகையால் யாரிடமும் சொல்லவில்லை. (போதகரிடமாவது சொல்லியிருக்கலாம். இதை அவரே பிற்பாடு சொன்னார், ஒருமுறை அல்ல.)

ஆரம்பம் நன்றாகவே போயிற்று. முதல் பகுதியை முடித்து, “சேலா” என்றேன். கண்ணை மூடினேன்.

அமைதி. கூரையில் எங்கோ ஒரு பல்லி. எனக்குப் புல்லரித்தது.

ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். பேசுகிறவன் தடுமாறி நின்றுவிட்டால், அவன் மானத்தைக் காப்பாற்ற யாராவது ஒரு பாட்டை எடுத்துவிடவேண்டும். பாட்டு முடிவதற்குள் அவனுக்கு ஞாபகம் வந்துவிடும். நல்ல வழக்கம். கங்காணி மாசிலாமணி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு கீர்த்தனையைப் பிடித்தார். சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. சரணம் சரணமாகப் பாடினார்கள். என் முதல் மௌனம் இப்படித் தாளத்தோடு முடிந்தது.

பாட்டு நின்றதும் கங்காணி என்னைப் பார்த்து, “இப்ப ஞாபகம் வந்திருக்கும், பேசுங்க ஐயா” என்கிற மாதிரி அன்பாகத் தலையசைத்தார். டிரெசர் பெஞ்சியில் முன்னால் சாய்ந்து என்னை உற்றுப் பார்த்தார். எனக்கு ஸ்கூடாய் மீசை கண்ணெதிரே வந்துபோயிற்று. கால் நடுங்க ஆரம்பித்தது. கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடிற்று. புத்தியுள்ளவன் சேலாவைக் கைவிட்டு ஆமென் சொல்லியிருப்பான். நான் இரண்டாம் பகுதியை அவசரமாக முடித்து, மறுபடியும் “சேலா” என்றேன். இந்தத் தடவை யாரும் பாடக்கூடாது என்பதற்காகக் கையை உயர்த்திப் பிடித்தேன். கையும் நடுங்கிற்று. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அது சிரிக்கிற விஷயம் அல்ல. அதற்கு முந்தின மாதம் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற யோவான் என்கிற வாலிபன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பதில் சொல்லாமல் இப்படித்தான் நின்றான். கண் மூடி, வேர்த்து, நடுங்கிக்கொண்டு. சோம்பேறித்தனம் என்று அதட்டினார்கள். வந்திருந்தது குளிர்காய்ச்சல். பொழுது சாய்வதற்குள் அவனை அடக்கம் பண்ணினோம்.

யோவானின் தாய் அன்னம்மாள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுந்தது அவள்தான்.

“பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே. எம் மவனும் இப்படித்தான்யா நின்னான். தூக்குங்க.”

கண்ணைத் திறப்பதற்குள் ஒரு கறுப்புக் கம்பளி என் தலைமேல் விழுந்தது. ஊட்டிக் கோட்டுக்கு மேல் கம்பளி. ரப்பர்ப் பால் வாளி தூக்கிப் பழகிய கைகள் என்னைச் சுற்றிப் பிடித்தன.

“எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்” என்றேன் கம்பளிக்குள்ளிருந்து.

“யோவானும் அப்படித்தான் சொன்னான்” என்றது ஒரு குரல்.

“இது காய்ச்சல் இல்லை. சேலா. நிறுத்துங்கள் என்று அர்த்தம். சேலா.”

“அய்யய்யோ, பெனாத்த ஆரம்பிச்சிட்டாரு” என்றார் கங்காணி. “டிரெசர் ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. பெஞ்சி வேணும்.”

நான் யாருடைய சம்மதத்துக்காக அங்கே நின்றேனோ, அவர் எழுந்து கொடுத்த பெஞ்சியிலேயே என்னைக் கிடத்தினார்கள். நான் எழப்பார்த்தேன், அமுக்கினார்கள். நான் கத்தக் கத்த அவர்கள் வேகமாக ஓடினார்கள். முன்னால் பெஞ்சி, பின்னால் பாடிக்கொண்டே சபை, கடைசியில் இடுப்பைப் பிடித்தபடி போதகர். வழியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றவர்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். (உயிரோடு இருக்கும்போதே அந்த மரியாதையைப் பார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது.)

ஆஸ்பத்திரியில் டிரெசர் வெப்பமானியை என் வாயில் செருகினார். எடுத்துப் பார்த்தார். உதறினார். மறுபடியும் செருகினார்.

“காய்ச்சல் இல்லியே” என்றார் சந்தேகமாக.

“அதைத்தான் அப்போதிலிருந்து சொல்கிறேன் ஐயா.”

“எறங்கியிருக்கும். இது வந்து வந்து போற சாதி.” குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பான கொயினாத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். “குடிங்க.”

தோட்டத்தில் கொயினாவை வாயில் அடக்கி வெளியே போய்த் துப்புகிறவர்கள் உண்டு. ஆகவே குடித்ததும் வாயைத் திறந்து காட்டி, தன் பெயரையும் சொல்லவேண்டும். வருங்கால மாமனார் முன்னிலையில் நான் வாயைப் பிளந்து நாக்கைத் தூக்கிக் காட்டி, என் பெயரை உரக்கச் சொன்னேன். அவர் பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். அன்றைய தினம் என் வாயிலிருந்து வந்ததில் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நிமிஷம் நடந்ததை நான் அதிகம் பேர்களிடம் சொன்னதில்லை. வெளியே பாட்டு நின்றுபோயிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சபை முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் பேசவில்லை. குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. அன்னம்மாள் தூணில் சாய்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிழைப்பேனா என்று அவர்கள் காத்திருந்தார்கள். நான் கேட்ட மௌனம் இதுதான். கோயிலில் எனக்குக் கிடைக்காதது, கேட்காத இடத்தில் கிடைத்திருந்தது. அதன் நடுவில் சொல்ல என்னிடம் எந்த விளக்கமும் இல்லை. கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

போதகர் உள்ளே வந்து என் தலையில் கை வைத்துச் சுருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொல்லிவிட்டு, குனிந்து என் காதோரம், “தம்பி, நாளைக்கு யாரும் கேட்டால் காய்ச்சல் என்றே சொல்லிவிடு. அது எல்லாருக்கும் நல்லது” என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்ததும் அன்னம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். “உக்காந்துட்டாரு” என்றாள் வெளியே திரும்பி. அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று அவளிடம் சொல்ல அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் எனக்கு மனம் வரவில்லை.

டிரெசர் என்னைச் சும்மா விடவில்லை. கஞ்சியும் கொயினாவுமாக நாள் கணக்கில் படுக்கவைத்தார். கொயினா ஏறினால் காது கொய்யென்று இரையும். ஒருவர் பேசுவதும் கேட்காது. ஆகையால் நானும் ஒருவரோடும் பேசவில்லை. ஸ்கூடாய் வாத்தியாருக்குக் கலியாணத் துணி எடுத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன். காது தெளிந்த அன்று டிரெசர் கட்டிலோரம் வந்து நின்றார்.

“எனக்கு ஒங்க பிரசங்கம் ஒண்ணும் வெளங்கல தம்பி. ஆனா எம் மக சரின்னுட்டா.”

அந்த வருஷமே கலியாணம் நடந்தது. கதை அதோடு முடியவில்லை. இப்போதும் வீட்டில் நான் பேச்சை நீட்டினால், என் மக்களில் யாராவது எழுந்துபோய்க் கம்பளியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நானும் சுருக்கிக்கொள்வேன். ஆயினும் மனசுக்குள் ஒரு நிறைவு மட்டும் குறையவே இல்லை. டிரெசருக்குப் புரியாதது, கங்காணிக்குப் புரியாதது, ஒருத்திக்குப் புரிந்திருக்கிறது. சேலாவின் ஆழத்தைக் கண்டுதான் எஸ்தர் சம்மதித்தாள். இதை நான் சந்தர்ப்பம் வாய்த்தபோதெல்லாம் சொல்லிவந்தேன்.

சென்ற மாதம் புதிதாக வந்த இளம் போதகர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். அவருக்கும் சொன்னேன். அவர் பக்தியோடு கேட்டுவிட்டு, சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, அந்தப் பிரசங்கத்துல எது உங்க மனசைத் தொட்டுச்சு?”

“நான் எங்க பிரசங்கம் கேட்டேன்?” என்றாள் எஸ்தர், குழம்பை ஊற்றிக்கொண்டே. “போதகருக்குச் சமைக்கிறதுக்காக அன்னிக்குக் காலையிலயிருந்தே அடுப்படியிலதான் இருந்தேன். அப்புறம் கஞ்சி கொண்டுபோய்க் குடுக்கறப்பதான் இவங்களைப் பாத்தேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாம சொவத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தாங்க. அடடா, அதிகம் பேசாத மனுசன் போலிருக்கேன்னு நம்பித்தான் ஐயா, எங்கப்பாகிட்டச் சரின்னு சொன்னேன்.”