மகசேசேக்கு நாலு பக்கம்

அந்தோனியார் துணை

ஆஹென், ஜெர்மனி,
புதன்கிழமை

பாரிஸில் இருக்கும் அன்புத் தம்பி எமிலுக்கு,

உம்முடைய மச்சாள் மக்டலீன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோசம். சுகமில்லை. உம்முடைய அண்ணா, என் மனிசன், போய் இன்றைக்குப் பதினெட்டு நாள். நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று அந்தோனியாரைக் கேட்டிருக்கிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்தி வாசியும். வட்ஸ்அப்பில் கதைத்திருக்கலாம். கதைத்தால் நீர் நடுவில் புகுந்துவிடுவீர், கடிதத்துக்குள் புக உமக்கு ஏலாது.

விசயம் இதுதான். முப்பத்தோராம் நாளுக்கு நீர் அடிப்பிக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் போடச்சொல்லி, அண்ணாவின் வாழ்க்கையை நான் குரலில் சொல்லி அனுப்பினேன். எழுதிப் பார்க்க நாலு பக்கம் வந்ததாம். நாலையும் வெட்டிவிட்டு ‘சமூகச் சுடர், பாசையூர் தந்த முத்து’ என்று போட்டிருக்கிறீர். ஏனென்று கேட்டதற்கு, “மச்சாள், செத்தது எங்கட அண்ணை. அதுக்குள்ள பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி என்னத்துக்கு? சனம் சிரிக்கும்” என்றீர். சிரிக்கட்டும் தம்பி. அந்த மகசேசேயை எடுத்துவிட்டால் உம்முடைய அண்ணாவில் மிச்சம் ஒரு கம்பளித் தொப்பியும் சீனி வருத்தமும்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றீர். அதற்குள் அந்த நாலு பக்கமும் திரும்பி வரவேண்டும்.

உமக்கு முழுக்கதையும் தெரியாது, அதனால் சொல்கிறேன். அண்ணா முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தேழு வருசம் நின்றார், பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவர் டொமிங்கோ என்கிற பிலிப்பைன்ஸ்காரர். அவர் சம்பாலெஸ் பக்கம், மகசேசேயும் அந்தப் பக்கம், ஊர்க்காரனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஒரு மூட்டை கிழங்கு முடிந்தது தெரியாது. பஸ் கம்பனியில் எண்ணெய்க் கையோடு மெக்கானிக்காக நின்ற மனிசன், யப்பான்காரன் வந்ததும் காட்டுக்குள் போய்ச் சண்டை பிடித்தார், பிறகு பாராளுமன்றம், பிறகு பாதுகாப்பு மந்திரி. மந்திரியாய் இருக்கையில் அறிவிக்காமல் ஆமி முகாமுக்குள் போய் நின்று, நித்திரை கொள்கிறவனை எழுப்பிக் கேள்வி கேட்பாராம். காட்டில் நின்ற கிளர்ச்சிக்காரர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தால் காணி கொடுத்துக் குடியிருத்தினாராம். ஜனாதிபதியானதும் கோட்டுச்சூட்டு இல்லாமல் தங்கட நாட்டுச் சட்டையோடு வந்து சத்தியம் செய்து, மாளிகைக் கதவைச் சனத்துக்குத் திறந்துவிட்டார். கமக்காரன் சேற்றுக் காலோடு உள்ளே வரலாம். வர ஏலாதவன் சொற்பக் காசுக்குத் தந்தி அடிக்கலாம், அதைப் பார்க்க என்றே ஒரு கந்தோர். ஊரூராய்க் கிணறு வெட்டுவித்தார். அண்ணா வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் இதைத்தான் சொல்லுவார். ஆரும் பொம்பிளையைப் பற்றிச் சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம் என்று நான் நினைப்பேன். ஒவ்வொரு மார்ச் பதினேழும், மகசேசே செத்த நாளில், அவருடைய முதற்பெயரைப் போட்டு ‘ரமோனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று பூசை கொடுத்தார். கோயிலில் எல்லாரும் என்னைப் பார்த்து, “ஆரக்கா ரமோன்? அண்ணைக்கு வெளியில பிள்ளை ஏதும்...” என்று இழுத்தார்கள். நான் என்னத்தைச் சொல்ல, “ஜனாதிபதி” என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

சொல்லிக்கொண்டு இருந்தவரை எங்கட சனம் கத்தோலிக்க மன்றத்துக்குத் தலைவராய்ப் போட்டது, பிறகு நடந்ததுக்கு அதே சனம்தான் பொறுப்பு. மறுநாளே எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் கதவு நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை திறந்து கிடக்கும் என்று அறிவித்தார். முறைப்பாட்டுக் கொப்பி ஒன்று வாங்கினார், எந்த முறைப்பாட்டுக்கும் ஒரு நாளைக்குள் பதில் என்றார். நடை முழுக்கக் கதிரை, கதிரை முழுக்கச் சனம், சனத்தின் கையில் அன்ராக் என்கிற விண்ணப்பக் கடதாசி, என் கையில் தேத்தண்ணித் தட்டு. இதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி டொக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்து, வீங்கின முழங்காலோடு வந்து வரிசையில் இருந்தா. அண்ணா அவவையும் கொப்பியில் எழுதி, நாள் முழுக்க டெலிபோனில் தொங்கி, உண்மையான டொக்டரிடம் டெர்மின், அதுதான் சந்திக்கிற நேரம், எடுத்துக் கொடுத்தார். நாலு மாதமாய்க் கிடைக்காத டெர்மின் தம்பி! அதற்குப் பிறகு கட்டடமே வரத் தொடங்கியது. பார்சல் கொண்டுவந்த ஆளும் ஒருநாள் இருந்து, இந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் கதவு திறப்பதில்லை என்று முறைப்பாடு கொடுத்துவிட்டுப் போனான். திறந்த கதவுக்குள் இருந்துகொண்டு! பரராசசிங்கம் அண்ணை, மன்றத்திலும் இல்லை, வேதக்காரரும் இல்லை, கிழமைக்கு ஒருதரம் வீட்டுக்காரனின் கடிதத்தோடு வருவார். “இவர் சைவமல்லோ” என்று மன்றத்தில் ஒருத்தர் சொன்னதற்கு, “கடிதம் ஜெர்மனில கிடக்கு, அதுக்கு என்ன சமயம்?” என்றார் அண்ணா.

அறிவிக்காமல் போய்ப் பார்க்கிற பழக்கத்தையும் விடவில்லை. அந்தோனியார் திருநாளுக்கு ரோல்ஸ் என் பொறுப்பு. இருநூறு ரோல்ஸ் என்று ஒத்துக்கொண்டுவிட்டேன், இடுப்பு வலி, கடையில் உறைய வைத்த பெட்டி ரோல்ஸ் வாங்கிப் பொரித்தேன். மண்டபத்துக் குசினிக்குள் தலைவர் பரிசோதனைக்கு வந்தார். பெட்டியைக் கண்டார். எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். போனாரா? மகசேசே சொந்தக்காரருக்குச் சலுகை காட்டவில்லையாம், நேரே மைக்கில் போய், “இண்டைக்கு ரோல்ஸ் வீட்டு ரோல்ஸ் இல்லை, கடை ரோல்ஸ், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். நான் மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் முறைப்பாட்டுக் கொப்பியை எடுத்து, என் பெயர் எழுதி, ‘தலைவருக்குப் பெண்சாதி என்ற நினைப்பில்லை’ என்று எழுதி வைத்தேன். மற்ற நாள் காலமை கோப்பைக்குக் கீழே பதில் இருந்தது.

‘திருமதி மக்டலீன் அல்பேர்ட் அவர்களுக்கு, தங்கள் முறைப்பாடு கிடைத்தது. விசாரித்ததில் பிழை தலைவரிலேயே காணப்பட்டது. மைக்கில் செய்த பிழை மைக்கிலேயே திருத்தப்படும். இப்படிக்கு, தலைவர்.’

முப்பத்தாறு வருசத்தில் அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான். சொன்னபடி அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்து, “ரோல்ஸ் கடை ரோல்ஸ்தான், ஆனால் இடுப்பு வலியோட நிண்டு பொரிச்சது என்ர மனிசி. அதை நான் கேக்கேல்லை” என்றார். சனம் கை தட்டியது. நான் உடுப்பு கொழுவுகிற அறைக்குள் போய் நின்றேன்.

நீர் ஏன் வெட்டினீர் என்றும் எனக்குத் தெரியும். மன்றத்தின் இருபத்தைந்தாம் வருசத்துக்குப் பிரதம விருந்தினராய் வந்து பொன்னாடை போர்த்துவிக்கக் கேட்டீர், “தம்பி எண்டதால ஏலாது” என்று சொல்லிவிட்டு, அண்ணா மண்டபத்து வாசலில் பனி தள்ளுகிற கிழவருக்குப் போர்த்தினார். உமக்குக் கோபம் வந்தது நியாயம், எனக்கும் ரோல்சில் வந்தது.

அந்த ஜனாதிபதி எல்லாம் சரியாய் முடித்தார் என்று நான் எழுதச் சொல்லவில்லை. காணிச்சட்டத்தைப் பெரிய காணிக்காரர் அரைகுறையாக்கிவிட்டார்கள் என்று டொமிங்கோவே சொல்லியிருக்கிறார். இருந்தது மூன்று வருசமும் சொச்சமும். ஏறின பிளேன் செபுவில் மலையில் மோதியது. அதைச் சொல்லும்போது அண்ணாவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாய்ச் செத்த மாதிரிக் குரல் இறங்கும். இப்போது எனக்கு விளங்குகிறது தம்பி. திறந்து கிடந்த கதவை நான் பதினெட்டு நாளாய்ப் பூட்டி வைத்திருக்கிறேன், தேத்தண்ணி ஒரு கோப்பை மட்டும் போடுகிறேன், அது மிஞ்சுகிறது.

ஆகவே நாலு பக்கமும் போடும், கோப்பைக்குக் கீழே அவர் எனக்கு வைத்த கடிதமும் அதில் வரவேண்டும், சுடரையும் முத்தையும் எடும். பிறேமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். அந்தோனியார் உமக்குத் தொலைந்தது எல்லாம் கண்டுபிடித்துத் தரட்டும், முதலில் பொறுமையை.

இப்படிக்கு,
உம்முடைய மச்சாள்
மக்டலீன் அல்பேர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போக, பரராசசிங்கம் அண்ணை கதவைத் தட்டினார். “அல்பேர்ட் இல்லையெண்டு தெரியும் தங்கச்சி. பஸ்ஸால இறங்கினா கால் இஞ்சதான் வருது” என்றார். இருத்தி, இதை முழுக்க வாசித்துக் காட்டினேன், மெச்சுவார் என்று. கேட்டுவிட்டு, “எல்லாம் சரி. ஆனால் அந்த ஜனாதிபதி தன்ர பேரை ஒரு பாலத்துக்கோ தெருவுக்கோ வைக்க வேண்டாமெண்டு மறிச்சவராம். தனக்கும் செத்தாப் பிறகு புத்தகம் கித்தகம் வேண்டாமெண்டு அல்பேர்ட் எனக்கு எத்தினை தரம் சொன்னவன்” என்றார்.

“எனக்குச் சொல்லேல்லையே?”

“உங்களுக்குச் சொன்னா அதுக்கெண்டே புத்தகம் அடிப்பியள் எண்டு பயந்தவன்.”

ஆகவே தம்பி, மேலே எழுதிய ஒன்றையும் செய்ய வேண்டாம். நாலு பக்கமும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், அச்சகத்தை நிறுத்தும். பூசைக்கு வாரும், கிடைத்த இடத்தில் இரும். பரராசசிங்கம் அண்ணை கொண்டுவந்த வீட்டுக்காரனின் கடிதம் மேசையில் விரித்தபடி கிடக்கிறது. அவருக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. மூன்றாவது வரியில் டெர்மின் என்று இருக்கிறது, அதுவரைக்கும் வந்துவிட்டோம்.