வெரோனா பினக்கின் முதல் வரி

ரெக்கே இசையின் வரலாற்றை வெரோனாவுக்கு முன், வெரோனாவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தாக வேண்டும் என ஆக்கிச் சந்துப் பாடல் மரியாதைக் குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் குழுவின் தலைவர். வழிமொழிந்தவரும் அவரே. மற்ற உறுப்பினர்கள் அன்று டாமினோ ஆடப் போயிருந்தார்கள். தலைவர் நான்தான்.

எங்கள் கிங்ஸ்டன் நகரில் பாடகிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தகரக் கூரையின் மேல் கல்லை எறிந்தால் கீழேயிருந்து மூன்று பேர் சுருதி பிசகாமல் கத்துவார்கள். ஆனால் பதினோரு வருடமாக ஒரே பாட்டால், அதிலும் அந்தப் பாட்டின் ஒரே வரியால், புகழின் உச்சியில் நிற்பவர் வெரோனா பினக் ஒருவர்தான். அந்த வரி இது:

"குழாயைத் திறந்தா டன்க்ளி ஞாபகம்..."

டன்க்ளி என்பவர் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், மாண்புமிகு எவரால்ட் டன்க்ளி. இந்த வரி முடிந்த கையோடு பேஸ் கிட்டார் வந்து விழும். விழுந்தால் நெஞ்செலும்பு ஓர் அங்குலம் நகரும். உடனே சனம் கூவும், தகர வேலியை அறையும், வாளியைக் கவிழ்த்துத் தட்டும். "திருப்பு! திருப்பு!" என்று சந்தே அதிரும். தட்டு சுழற்றும் பாகா அந்த இசைத்தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து, மறுபடி முதலிலிருந்து வைப்பான்.

ஒரு பாட்டுக்கு எங்கள் ஊரில் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அதை நிறுத்துவது. தடையில்லாமல் கடைசிவரை ஓடும் பாட்டு தோற்ற பாட்டு. அதைப் பாடியவரைத் தெருவில் பார்த்தால் துக்கம் விசாரிப்போம். வெரோனாவின் பாட்டை ஒரு ஞாயிறு பிற்பகலில் பதினேழு முறை நிறுத்தினோம். பதினேழாவது முறைக்குப் பின் பாகா தட்டை எடுத்து உறையில் போட்டுவிட்டான்.

"மீதியைப் போடேன்டா," என்றாள் வெரோனா.

"இதுக்கு மேல போட்டா கெட்டுடும் சிஸ்டர்," என்றான் அவன், பக்தியோடு.

ஆக்கிச் சந்தில் இந்த மரியாதை வேறெங்கும் இல்லாத கம்பீரத்தோடு ஒலிப்பதற்குக் காரணம் வாளிகள். நிறைந்த வாளி 'தொப்' என்னும். காலி வாளிதான் நாதம் தரும். பன்னிரண்டு வருடமாகக் குழாயில் சொட்டு வராததால் எங்கள் சந்தின் வாளிகள் எந்நேரமும் சுத்தமான சுருதியில் இருக்கின்றன. புதன்கிழமைகளில் தண்ணீர் லாரி வரும். ஓட்டுநருக்கு மனம் சரியில்லாத புதன்களில் அதுவும் வராது.

வெரோனாவின் கடல் கடந்த வெற்றிகளைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். டொரோண்டோவில் நம்மூர் நர்சுகள் இரவுப் பணிக்கே போகாமல் வந்து, முதல் வரியில் நிறுத்திவிட்டு, கண்ணீரோடு வீடு திரும்பினார்கள். ஜப்பானில் எங்கே நிறுத்த வேண்டும் என்று ரசிகர்களுக்கு அச்சிட்ட தாள் கொடுத்திருந்தார்கள். ஆயிரம் பேர் ஒரே நொடியில் நிறுத்தி, குனிந்து வணங்கி, மன்னிப்பும் கேட்டார்கள். ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் மட்டும் விபத்து நடந்துவிட்டது. அவர்கள் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டார்கள். வெரோனா மேடையிலேயே அழுதாள்.

"அழாதீங்க மேடம், எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது," என்றார் அமைப்பாளர்.

"அர்த்தம் புரிஞ்சுதா?"

"நல்லாவே புரிஞ்சுது. வெயிலைப் பத்தின பாட்டு."

எங்கள் பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. அந்த முதல் வரியைப் பற்றி ஒரு முனைவர் இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதினார். இரண்டாவது வரி என்ன என்று கேட்டபோது, அது தன் 'ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது' என்றார்.

எல்லோரையும்விட நெகிழ்ந்தவர் டன்க்ளிதான். இரண்டு தேர்தல்களாக அவருடைய பிரச்சாரப் பாடல் அதுவே. அவர் வண்டியின் ஒலிபெருக்கி முதல் வரியை மட்டும் பாடிக்கொண்டு சந்து சந்தாகப் போகும். ஒருமுறை வெரோனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சிஸ்டர், என்னைப் பத்தி இவ்வளவு அழகா யாருமே பாடினதில்ல."

"மீதியையும் கேளுங்க சார்."

"வேணாம்மா. நல்ல இடத்துல நிறுத்திடணும். அதான் அரசியல்."

இந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னதாக, வெரோனாவைச் சிறப்பிக்க எங்கள் சந்து முனையில் ஒரு நினைவு நீரூற்று கட்டினார் டன்க்ளி. திறப்பு விழாவில் அவளே பாட வேண்டும் என்று குழு கேட்டுக்கொண்டது. அவள் என்னைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"சேர்மன், ஒரு கண்டிஷன். தட்டு கிடையாது, பேண்டு கிடையாது, பாகா கிடையாது. வெறும் வாயால பாடுறேன்."

"ஏன் மிஸ் வி?"

"தட்டைப் பின்னால சுத்தலாம். என் வாயை எவன் சுத்துவான்?" தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "என் சந்து சனம் இந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டு ஓட்டுப் போடட்டும். அப்புறம் அந்தாளையே திரும்பத் தேர்ந்தெடுத்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

என் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பாடிக்காட்டினாள்:

"குழாயைத் திறந்தா டன்க்ளி ஞாபகம்,
காத்துதான் வருது அவர் பேச்சு மாதிரி.
எங்க தண்ணி எல்லாம் மலையேறிப் போச்சு,
அவர் வீட்டுக் குளத்துல நீச்சல் அடிக்குது."

நான் உருகிப்போனேன். கலைக்கு என் குழு என்றும் குறுக்கே நிற்காது என்று வாக்குக் கொடுத்தேன். அவள் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. எட்டு மணிக்கே லாரி வந்து நீரூற்றை நிரப்பியது. அதற்குக் காவலாக இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். வாளியோடு வந்த ஒவ்வொருவரையும் அவர்கள் விசாரித்தார்கள்.

"வாளி எதுக்கு?"

"மரியாதைக்கு," என்றாள் மீன் விற்கும் மிஸ் இமோஜின்.

"மொண்டுக்க இல்லையே?"

"நான் என்ன, நீரூத்துல குளிக்கிற மைனாவா?"

டன்க்ளி ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். தண்ணீர் நாகரிகத்தின் தாய் என்றார். நீரூற்றைத் திறந்துவைத்தார். அது சிறுவன் சிணுங்குவது போல் ஓரடி உயரம் எழும்பி அடங்கியது. எல்லோருக்கும் ஆட்டு சூப் வழங்கப்பட்டது. பிறகு வெரோனா மேடை ஏறினாள்.

முதல் வரியைப் பாடினாள். வழக்கம்போலக் கைகள் வாளிகளுக்குப் போயின. அவள் உள்ளங்கையை உயர்த்தினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் விடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

சனம் விழித்தது. மரியாதையை வேண்டாமென்ற பாடகியை அவர்கள் பார்த்ததே இல்லை.

"பாட விடுங்கடி," என்றாள் மிஸ் இமோஜின். "பதினோரு வருஷமா மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கிறா. வெடிச்சுடப் போறா."

கைகள் வாளிகளிலேயே நின்றன. வெரோனா இரண்டாவது வரியைப் பாடினாள்.

"காத்துதான் வருது அவர் பேச்சு மாதிரி..."

பின்வரிசையில் யாரோ 'களுக்' என்றார். மிஸ் இமோஜின் தன் வாளியை மெல்லத் தரையில் வைத்தாள். பக்கத்திலிருந்தவளும் வைத்தாள். முதலில் நீரூற்றைப் பார்த்தார்கள், பிறகு டன்க்ளியைப் பார்த்தார்கள். டன்க்ளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது. போலீஸ்காரர்களில் ஒருவர் அடுத்த வரிக்காகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

வெரோனா கண்ணை மூடினாள். "எங்க தண்ணி..." என்று தொடங்கினாள்.

அப்போதுதான் சந்து முனையின் இரும்புக் கேட்டில் யாரோ முழுப் பலத்தோடு மூன்று முறை அறைந்தார்கள். "திருப்பு!" என்று ஒரு குரல் எழுந்தது.

எங்கள் ஊர் நாகரிகம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் தட்டிய பிறகு மற்றவர் தட்டாமலிருந்தால் அது பாடகிக்குச் செய்யும் அவமானம். வாளிகள் தாமாகவே கவிழ்ந்தன. வேலி அதிர்ந்தது. வெரோனாவை அவமானப்படுத்த மனமில்லாத மிஸ் இமோஜின் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள், பாவம். வெரோனா மூன்றாவது வரியைப் பாடினாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி முதல் வரி. மறுபடி வாளி. ஒன்பது முறை. டன்க்ளி மேடையில் ஏறி இடுப்பை வளைத்து ஆடினார். ஒன்பதாவது முறை வெரோனாவின் தொண்டை அடைத்துக்கொண்டது. நீரூற்றும் அதே நேரம் வற்றியது.

பத்து நாள் கழித்து டன்க்ளி எங்கள் சந்தில் மட்டும் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு வாங்கினார். இது வெரோனாவின் கலைக்குக் கிடைத்த வெற்றி என்று குழு பதிவு செய்தது. அவளுக்கு 'முதல் வரியின் பேரரசி' என்ற பட்டத்தையும் கேடயத்தையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அப்போது தெருக்கோடியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தாள். கேடயத்தை வாங்கவில்லை, கை நிறைய வேலை இருந்தது.

"சேர்மன், அன்னைக்கு முதல்ல கேட்டைத் தட்டினது யாரு?"

"மக்கள் அன்புக்கு முகம் கிடையாது மிஸ் வி."

"கை உண்டுல்ல?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

தட்டியது நான். என் வீட்டுக் குழாயில் மட்டும் இரண்டு வேளையும் தண்ணீர் வருகிறது.