பதின்மூன்றாவது சுற்றில் உன் பெயர்

மே 19, 1967

அன்புள்ள வெண்டல்,

ஆமாம், நான்தான். வேறு யாரும் இல்லை.

இங்கு நலம். நீயும் நலமாய் இரு. முடிந்தால் ஒரு முழங்காலில் மட்டும் கொஞ்சம் நலமில்லாமல் இரு. காரணம் கீழே வருகிறது.

உன் கடிதம் காலையில் வந்தது. தினமும் விடிந்ததும் மூன்று மைல் ஓடுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். "என்னை எங்கே பார்த்தார்கள்?" என்று கேட்டிருக்கிறாய்.

எங்கேயும் இல்லை, வெண்டல். உன்னை யாரும் பார்க்கவில்லை.

அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நீ நினைப்பது போல மேடை, விளக்கு, கைதட்டல் ஒன்றும் கிடையாது. ஒரு அறை. ஒரு தொலைபேசி. ஒரு செருப்புப் பெட்டியில் அட்டைகள். அட்டைக்கு ஒரு பையன். நம் அணி அலுவலகத்திலிருந்து கல்லூரிக் கோச்சுகளுக்குத் தபால் அட்டை போடுவோம், அவர்கள் எழுதி அனுப்புவதை நான் தட்டச்சு செய்து பெட்டியில் வைப்பேன். மீதி எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு கூடைப்பந்து இதழிலிருந்து. பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு அணிகள், எல்லோரும் ஒரே தொடர்பில். நியூயார்க்கிலிருந்து ஒருவர் முறை சொல்வார். நம் முறை வந்தால் பெயர் சொல்லவேண்டும். சொல்லப் பெயர் இல்லாதவர்கள் "போதும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம்.

நாம் ஒதுங்கக்கூடாது. அது முதலாளி ஓவர்ஹோல்ட்டின் கட்டளை. மறுநாள் செய்தித்தாளில் எல்லா அணிகளின் பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் வரும். போன ஆண்டு நம்முடையதுதான் குட்டை. "பாதி நாள்ல கடையைப் பூட்டிட்டு ஓடினவன் மாதிரி இருக்கு. இந்த வருஷம் கடைசியா நிக்கறது நாமதான். புரியுதா?" என்றார். கோச் ப்ரான்னிகனுக்குப் புரிந்தது. ஆறாவது சுற்று முடிந்ததும் அவர் எழுந்து தொப்பியை எடுத்தார்.

"இனிமே எல்லாம் வெறும் பேருதான்மா. பெட்டியில இருக்கறதை வரிசையா படி. நான் பத்திரிகைக்காரரோட சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

"யாராவது கேள்வி கேட்டா, கோச்?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, கேட்டவனுக்குத் தெரியலைன்னு ஆயிடும்."

போய்விட்டார். கோட்டு நாற்காலியில் தொங்கியது. எனக்கு அந்தக் கோட்டுதான் துணை.

ஏழு, எட்டு, ஒன்பது. படித்தேன். நான் எடுத்துவைத்த அட்டைகளை மற்ற அணிகள் எனக்கு முன்னால் சொல்லச் சொல்லப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு அணியாக "போதும்", "எங்களுக்கும் போதும்" என்று ஒதுங்கினார்கள், ஆனால் தொலைபேசியை மட்டும் யாரும் வைக்கவில்லை, கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கும் ஆசையில் எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள், பன்னிரண்டாவது சுற்றில் மேற்குக் கரைக்காரர்களும் நாமும் மட்டும் மிச்சம், மேற்குக் கரைக்காரர் பதின்மூன்றாவதுக்கும் சாவகாசமாக ஒரு பெயரைச் சொன்னார், அது என் கடைசி அட்டை.

"உங்க முறை. சொல்லுங்க."

பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு ரப்பர் வளையம் விழுந்தது.

"கோச் இருக்காரா அங்க?"

"இருக்கார்." கோட்டைப் பார்த்தேன்.

"அப்ப சொல்லச் சொல்லுங்க. பத்து விநாடி."

வெண்டல், பத்து விநாடி என்பது எவ்வளவு நீளம் தெரியுமா. அதற்குள் நான் வேலையை இழந்தேன், ஊருக்குத் திரும்பினேன், அப்பாவோடு ஓட்ஸ் ஆலையில் மூட்டை தைத்தேன். உலகத்தில் உள்ள ஆண்கள் எல்லோருடைய பெயரும் மறந்துபோனது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதை நான் உனக்குப் பேச்சு வருவதற்கு முன்பிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

"வெண்டல் குபிச்செக்" என்றேன்.

ஒரு சத்தம். பதினோரு ஊர்களில் அந்த இதழின் பக்கங்கள் புரளும் சத்தம். அவ்வளவு பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை. உன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அது எனக்குத் தெரியும். சில நொடிகளில் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். யாராவது ஒருவர் "யாருங்க அது?" என்று கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன்.

யாரும் கேட்கவில்லை.

"உயரம்?" என்றார் நியூயார்க்குக்காரர்.

"ஆறடி ஆறு அங்குலம்."

மன்னித்துவிடு. ஐந்து அங்குலம் கூட்டிவிட்டேன். ஆறடி ஒன்று என்றால் சந்தேகப்படுவார்களோ என்று பயம்.

அப்போது ஒரு குரல், ஒதுங்கிய அணிகளில் ஏதோ ஒன்று, பெருமூச்சோடு சொன்னது: "அடடா. குபிச்செக். அவனை நாங்க கடைசி வரைக்கும் மனசுல வெச்சிருந்தோம்."

"நாங்களும்தான்" என்றது இன்னொரு குரல். "கொஞ்சம் மெலிசு. அதான் விட்டோம்."

மேற்குக் கரைக்காரர் "போதும்" என்றார். ஜெயித்துவிட்டோம்.

கோச் மூன்று மணிக்கு வந்தார். பட்டியலில் விரலை வைத்து மெதுவாக இறங்கினார். உன் பெயரில் விரல் நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ம்ம்" என்றார். "குபிச்செக். நல்ல இடதுகைக்காரன்."

நீ வலதுகைக்காரன். நான் வாயை மூடினேன். என்னுடைய குடும்பப் பெயர் என்ன என்று அவர் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டதில்லை. எல்லோருக்கும் நான் ஆர்டிஸ், அவ்வளவுதான்.

மறுநாள் செய்தித்தாளில் கோச் சொன்னதாக வந்ததை நீயும் பார்த்திருப்பாய்: "குளிர்காலம் முழுவதும் அந்தப் பையனின் ஆட்டத்தைக் கவனித்தோம்." நீ குளிர்காலம் முழுவதும் தாவரவியல் கண்ணாடிக் குடிலில் பெரணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். கல்லூரி அணியைவிட்டு நீ விலகி இரண்டு ஆண்டாகிறது. அதுவும் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். அதனால்தானே அவர் உன்னோடு பேசுவதை நிறுத்தினார்.

பிறகு நடந்தவற்றை வரிசையாக எழுத முடியவில்லை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. செவ்வாய்க்கிழமை கிழக்கே ஒரு அணியிலிருந்து கூப்பிட்டு உன்னைத் தங்களுக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள், கோச் மேசையைத் தட்டி "அவனையா? நடக்காது" என்றார், அதைக் கேட்டு முதலாளிக்கு உன்மேல் ஆசை வந்து புகைப்படம் கேட்டார், உன் கல்லூரியிலிருந்து அவர்களிடம் இருந்த ஒரே படத்தை அனுப்பினார்கள், அதில் நீ ஒரு செடித்தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாய், கோச் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு "பெரிய கை" என்றார், முதலாளி "பதட்டமே இல்லாத முகம்" என்றார், நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் உன் கடிதம். அப்பா உன்னைக் கூப்பிட்டாராம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு. "பேப்பர்ல பாத்தேன்டா" என்றாராம். நீ அன்று சாயங்காலமே ஓட ஆரம்பித்திருக்கிறாய். ஒருவேளை உனக்குள் ஏதோ இருக்கிறது, அதை வெளியாட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மடித்துவைத்திருக்கிறேன். திறந்து பார்க்கத் தைரியமில்லை.

உனக்குள் நிறைய இருக்கிறது. ஆனால் அது இது இல்லை.

செப்டம்பரில் பயிற்சி முகாம். தேர்ந்தெடுத்த எல்லோருக்கும் அழைப்பு அனுப்பவேண்டும். தட்டச்சு செய்பவள் நான். பன்னிரண்டு அழைப்புகள் போய்விட்டன. பதின்மூன்றாவது இயந்திரத்தில் செருகியபடி மூன்று நாளாக இருக்கிறது, "அன்புள்ள" என்ற சொல்லோடு.

அங்கே யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியாது. நம் நடு ஆட்டக்காரர் ஏழடி. போன ஆண்டு முகாமில் அவருடைய முழங்கை பட்டு ஒரு பையனுக்கு மூன்று பல் போயிற்று. "தெரியாம பட்டுடுச்சு" என்றார். மறுநாள் இன்னொரு பையனுக்குத் தெரியாமல் பட்டது. உன்னை அந்தத் தரையில், சுவரோரம், காலுறையை இழுத்துவிட்டபடி நினைத்துப் பார்க்கிறேன். மேலே இருக்கையில் அப்பா. கோச் விசில் ஊதி, "யாருப்பா இந்தக் குள்ளன்?" என்று கேட்பார். சிரிப்பார்கள். அப்பாவுக்கும் கேட்கும். அதன்பிறகு அவர் உன்னோடு இன்னும் எத்தனை ஆண்டு பேசமாட்டார்?

ஆகவே, தயவுசெய்து இப்படி ஒரு கடிதம் எழுது: "ஐயா, தங்கள் தேர்வுக்கு நன்றி. என் இடது முழங்காலில் வலி. மருத்துவர் ஓடக்கூடாது என்கிறார். ஆராய்ச்சிப் படிப்பில் சேர்கிறேன்." அவ்வளவு போதும். கோச் வருத்தப்படுவார். பத்திரிகைக்காரரிடம் பெரிய இழப்பு என்பார். நீ ஒரு பெரிய இழப்பாகவே இருந்துவிடு, வெண்டல். அதுதான் உனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடம். அப்பாவிடமும் முழங்கால் என்றே சொல். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், நான் கிறிஸ்துமஸுக்கு வந்து போனபிறகு சொல்.

ஓடாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் செடிகளைக் கேட்டதாகச் சொல். கடவுள் உன் பற்களையும் என் வேலையையும் காப்பாற்றட்டும்.

உன் பயந்த அக்கா,
ஆர்டிஸ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அப்பா கூப்பிட்டார். அலுவலகத் தொலைபேசிக்கு. அவர் இதுவரை இங்கே கூப்பிட்டதில்லை.

"ஆர்டிஸ், அந்த முகாம் எத்தனை நாளு?"

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வெண்டல் வந்து..."

"அவன் ரெண்டு வருஷமா ஆடலை. எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை சனிக்கிழமை நாப்பது மைல் வண்டியோட்டி அவன் காலேஜ் ஆட்டத்துக்குப் போய் உக்காந்திருக்கேன். மனசு மாறி வந்துட்டான்னா பாக்கணுமேன்னு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ரெண்டு குளிர்காலம்மா. அந்த மர பெஞ்சு இருக்கே, முதுகு போச்சு. எவனும் ஆடத் தெரியாதவன் வேற."

"அப்புறம் பேப்பரைப் பாத்து ஏம்ப்பா அவனுக்குப் போன் பண்ணீங்க? அதெல்லாம் பொய்னு தெரிஞ்சும்?"

"வேற எதைச் சொல்லிப் பண்றது?"

தட்டச்சு இயந்திரத்தில் இருந்த தாளைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்கப்பா" என்றேன். "முதல் நாளே கூட."

"ரெண்டு நாள் போதும். லீவு சொல்லிட்டேன். ஓட்டல்ல ஒரே ரூம் எடுத்தா பேசித்தானே ஆகணும். இதை அவன்கிட்ட சொல்லாதே."

இதோ, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யாதே. வா. தள்ளிவிடுவார்கள், விழும்போது வாயை மூடிக்கொள்.

உன் அழைப்பைத் தட்டச்சு செய்து முடித்தேன். வழக்கம்போலக் கோச்சின் கையெழுத்தை நானே போட்டேன். அதையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் வைத்து ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.