தோட்டத்து ஹால்ல படம்

அன்னிக்கு எனக்கு ரொம்பச் சுலபமான வேலை. தோட்டத்து ஹால்ல ஓவியங்களை மாட்டணும், ஆளுங்களைக் கூப்பிடணும். அவ்ளோதான்.

எழுபதுகள்ல கோலாலம்பூர்ல ஒரு ஓவியக் கூடத்துல இருந்தேன். மத்தவங்க ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டுறதும் நான்தான், வீட்டுல பெயிண்டை வாரி கேன்வாஸ் மேல வீசுறதும் நான்தான். என் ஓவியத்துல மலை இருக்காது, மனுசன் இருக்கமாட்டான். வெறும் நிறம், வெறும் ஆவேசம்!

"தேயிலைத் தோட்டத்துக்கே கலையைக் கொண்டுபோறேன்"னு எங்க பாஸ்கிட்ட பீத்திக்கிட்டேன். அவரு மலாய்க்காரரு, நல்ல மனுசன். "நானே வந்து பாக்குறேன். கூட்டம் வரலைன்னா இதோட மூட்டை கட்டிடு"ன்னுட்டாரு.

கேமரன் மலையில தானா ராத்தா டவுனுக்கு மேல இருந்த தோட்டம் அது. நேரா கங்காணியைப் பிடிச்சேன்.

"அண்ணே, சாயங்காலம் ஹால்ல படம். எல்லாரையும் வரச் சொல்லுங்க!"

அவரு முகம் மலர்ந்துச்சு. "படமா? ஒரு ஆளு வீட்டுல தங்காது லா!"

தங்கலை! பாயோட வந்தாங்க, கச்சான் கடலைப் பொட்டலத்தோட வந்தாங்க. பக்கத்து ஊரு பிரிஞ்சாங்லருந்து ஒரு லோரி நிறைய வேற! எனக்குத் தலைகால் புரியலை. கலைக்கு இவ்ளோ பசியா!

என் பெரிய சிவப்பு ஓவியத்துக்கு முன்னாடி பாயை விரிச்சு உக்காந்தாங்க. ஒரு அக்கா கேட்டாங்க.

"தம்பி, யாரு நடிச்சது?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தோட்டத்துல படம்னா சினிமா!

"யாரும் நடிக்கலைக்கா..."

"சண்டையாச்சும் இருக்கா?"

"அது நிறைய இருக்கு"ன்னு சிவப்பைக் காட்டினேன். பொய் இல்லையே!

"லைட்ட அடைங்கப்பா!"ன்னு பின்னாலருந்து ஒரு குரல். யாரோ அடைச்சும் விட்டாங்க. ஒரே இருட்டு, ஒரே விசிலு! அந்த நேரம் பார்த்து பாஸ் உள்ள வர்றாரு.

பத்துப் பேர் காலை மிதிச்சுக்கிட்டுப் போய் லைட்டைப் போட்டேன். எல்லார் கண்ணும் சிவப்பு மேல. அப்புறம் ஹாலே அதிர்ந்துச்சு.

"போக்கஸ்! போக்கஸ்! ஆளே தெரியலை, போக்கஸ்!"

கேமரன் மலைக் குளிர்ல எனக்கு வேர்த்துக் கொட்டுது. போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்!

பாஸுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் புரிஞ்சிருக்கு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டாரு.

"கூர்ந்து பாரு, கூர்ந்து பாருன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்களா? டவுன்ல ஒருத்தனும் இப்படிப் பாக்கலையே!"

மனுசனுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நான் எதுக்கு மறுக்கணும்? ஆமான்னு தலையாட்டினேன்.

அடுத்த மாசமே அதே மலையில கம்போங் ராஜாவுலயும் ஓவியக் கண்காட்சி வைக்கச் சொல்லிட்டாரு. அங்கயும் ஹால் நிறைஞ்சுது. பாதிப் பேரு இதே தோட்டத்து ஆளுங்க.

இந்தத் தடவை போக்கஸைச் சரி பண்ணியிருப்பேன்னு நம்பி வந்திருக்காங்க.