ஒரு கட்டம் ஒரு அடி

"மேல அழுத்தினா இவன் எதுக்குங்க மூலைக்கு ஓடுறான்?" என்றாள் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக் அவளுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டார். திரையில் அவர் உருவாக்கிய குட்டி மனிதன் செருப்பு அலமாரியில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தான்.

"அது மூலை இல்லம்மா. இந்த மாதிரி விளையாட்டுல வீட்டை மேலேர்ந்து சாய்வாப் பாக்கறோம். தரைக் கட்டமெல்லாம் சாஞ்சிருக்கு பாரு. அதனால மேலன்னா வலது பக்கம் மேல."

"உங்க லிஃப்ட்ல மேல அழுத்தினா அடுத்த பில்டிங்குக்கா போகுது?"

பகல் முழுக்க மேலே, கீழே என்ற இரண்டு பட்டன்களோடு குடும்பம் நடத்துகிறவர் அவர். வீட்டுக்கு வந்தால் நான்கு அம்புக்குறிகளோடு மாரடித்தார். பிரௌசரைத் திறந்தால் ஓடுகிற சின்ன விளையாட்டுதான். ஒருவன் தன் வீட்டுக்குள்ளேயே மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறான், அவ்வளவுதான் கதை. வேறு வீட்டைக் கற்பனை செய்யப் பொறுமை இல்லாததால், கம்ப்யூட்டர் மேஜையிலிருந்தே நாற்காலியை ஹால் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, எதிரே தெரிந்ததையெல்லாம் டேப் வைத்து அளந்து வரைந்துவிட்டார். சோபா, டிவி, புத்தக அலமாரி, ஜன்னலோரத் தையல் மிஷின் எல்லாம் இருந்தன. ஒரு கட்டம் ஒரு அடி.

மனைவி எழுந்துவிட்டாள்.

"இதோ பாருங்க. ஹால்ல ஆறு பேர் உக்காந்து சாப்பிட ஒரு டேபிள் போடணும்னு நானும் கரடியாக் கத்தறேன். உங்க கம்ப்யூட்டர் மேஜை இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. இந்த மாசத்துக்குள்ள இந்த விளையாட்டால வீட்டுல ஒருத்தருக்காவது பிரயோஜனம்னு காட்டுங்க. அப்புறம் உங்க மேஜையைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா மேஜை வெளிய போகும்."

பீரோவில் அவருக்கு ஒரே ஒரு தட்டு. கட்டிலில் சுவரோரம். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த மேஜைதான். அதுவும் போனால் லிஃப்ட்டுக்குள்தான் குடியிருக்க வேண்டும்.

முதலில் அம்புக்குறியை நேராக்கினார். மேலே அழுத்தினால் மேலேயே போனான். ஆனால் கட்டங்களோ சாய்வு, இவனோ நேர். ஒவ்வொரு சாமானிலும் இடித்தான், சோபா முனையில் மாட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சான் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"மாமா, இவன் தண்ணி கிண்ணி போட்டிருக்கானா?"

"மரியாதையாப் பேசுடா. கண்ணாடி இல்லாதவன் அப்படித்தான் நடப்பான்."

"ஆடறவங்களுக்கு எது பிடிக்குமோ அதை அவங்களே எடுத்துக்கட்டும் மாமா. கேட்டுடுங்க."

கேட்டார். அம்புக்குறியா, எழுத்துப் பட்டனா? நேரா, சாய்வா? இடது கையா, வலது கையா? நடையா, ஓட்டமா? ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கேள்விகள் வரிசைகட்டி நின்றன. மனைவி பொறுமையாகப் படித்துக்கொண்டே போனாள், பிறகு பிடிக்காத சாப்பாட்டுத் தட்டிலிருந்து எடுப்பதுபோலக் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பல் கிளினிக்ல என்னை வேலைக்குச் சேத்தப்பகூட இத்தனை கேள்வி கேக்கலைங்க."

சரி, பட்டனே வேண்டாம் என்று மௌஸுக்கு மாறினார். தரையில் எங்கே கிளிக் செய்தாலும் அங்கே நடந்துபோவான். சின்னக் குழந்தைகூட ஆடலாம். மனைவி கிளிக் செய்தாள். போனான். இன்னொரு கிளிக். போனான், போனவன் திரும்பவில்லை.

"ஆளையே காணோமே?"

"சோபாவுக்குப் பின்னால இருக்கான். சாய்வாப் பாக்கறதுல சோபா மறைக்குது."

"கண்ணாடியைத் தேடறவனை நான் வேற தேடணுமா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

மாசம் முடியப் போகிறது. கடைசி முயற்சியாக, மறைக்கிற சாமானை மௌஸால் பிடித்து நகர்த்தலாம் என்று வைத்தார்.

மனைவி வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தாள். சோபாவைப் பிடித்து இழுத்தாள். நகர்ந்தது. திரும்ப இழுத்தாள். தையல் மிஷினை ஜன்னலிலிருந்து கதவுக்குக் கொண்டுபோனாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இந்த சோபாவைத் திருப்பிப் போட முடியுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய விளையாட்டைப் பற்றி அவள் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி! மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே சோபா திரும்புகிற மாதிரி செய்து வைத்தார்.

மறுநாள், "அந்த ஆளைக் கொஞ்சம் எடுத்துடுங்க. எதை நகர்த்தினாலும் குறுக்க வந்து நிக்கிறான்" என்றாள். கதாநாயகனை எடுத்துவிட்டார். "கண்ணாடியும் வேண்டாம், சோபா கால்ல மிதிபடுது." அதையும் எடுத்தார். "ஆறு பேர் டேபிள் ஒண்ணு வரைஞ்சு குடுங்களேன்." வரைந்து கொடுத்தார். கிளினிக்கிலிருந்து வந்து கைப்பையைக்கூட வைக்காமல் விளையாட உட்கார்ந்தாள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆளும் இல்ல, தேடறதுக்கும் ஒண்ணும் இல்ல. இது விளையாட்டே இல்ல மாமா" என்றான் மச்சான்.

"உனக்கு வயித்தெரிச்சல்டா" என்றார் மெக்கானிக்.

மாசக் கடைசியில் மனைவி அவளாகவே வந்து சொன்னாள்.

"ஒத்துக்கறேங்க. உங்க விளையாட்டால எனக்குப் பெரிய பிரயோஜனம். வாக்கு வாக்குதான். உங்க மேஜையைப் பத்தி இனிமே நான் வாயே திறக்கமாட்டேன்." போகிறபோக்கில், "சனிக்கிழமை கடைக்காரங்க டேபிள் கொண்டுவருவாங்க. நான் கிளினிக்ல இருப்பேன். உங்க படத்தையே அவங்களுக்கு அனுப்பியிருக்கேன், அதுல இருக்கற மாதிரியே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடுவாங்க" என்றாள்.

தன் படம் கடைவரைக்கும் போய்விட்டது! சனிக்கிழமை மெக்கானிக் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு கதவைத் திறந்தார். கடை ஆள் இரண்டு பேரோடு வந்தார். செல்போனில் இருந்த படத்தையும் ஹாலையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டுத் திரும்பினார்.

"இந்தப் படம் நீங்க வரைஞ்சதா சார்?"

"நானேதான். டேப் வச்சு அளந்தது. ஒரு கட்டம் ஒரு அடி, இம்மி பிசகாது" என்றார் மெக்கானிக், நெஞ்சை நிமிர்த்தி.

"வீட்டுல இருக்கவேண்டிய சாமான் எல்லாம் இதுல இருக்குங்களா?"

"ஒண்ணு விடாம இருக்கு."

கடை ஆள் நிம்மதியாகத் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கம்ப்யூட்டர் மேஜையைக் கீழ எறக்குங்கப்பா, படத்துல அது எங்கயுமே இல்ல. அம்மாகிட்ட கேட்டேன் சார், 'அதைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன், வரைஞ்சவரையே கேளுங்க'ன்னுட்டாங்க."